'தோல்' என்னும் ஓர் ஆங்கில வினைச்சொல்

ஆங்கிலம் பயிலும் நாம் அகராதியைப் புரட்டுங்கால், 'வழக்கொழிந்தது' என்றோ 'வட்டார வழக்கு' என்றோ குறிக்கப்பெற்ற சொற்களைக் கண்டால், பரீட்சைக்கு வேண்டாதன என்று தாண்டிச் செல்கின்றோம். அங்ஙனம் தாண்டப்படுவனவற்றுள் ஒன்றாகிய 'தோல்' என்னும் வினையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். இது நம் உடம்பைப் போர்த்த தோலன்று. படகில் துடுப்பைத் தாங்கும் முளைக்கும் ஆங்கிலத்தில் இப்பெயர் உண்டு. அதுவும் வேறு சொல்லே. இவ்வினைக்குப் பொருள் துன்பத்தைத் தாங்குதல் என்பதாம்.

பழைய ஆங்கிலத்தில் இது 'தோலியன்' என வழங்கிற்று. ஜெர்மானியரின் 'டுல்டன்' இதற்கு உடன்பிறப்பு. இலத்தீன் வழிவந்த 'டாலரேட்' என்பதும், நிறைகோலைக் குறிக்கும் வடசொல்லாகிய 'துலா' என்பதும் இதே மூலத்தனவென்பர் மொழிநூலார். எனவே சுமத்தலே முதற்பொருள். துன்பத்தைச் சுமத்தல் அதன்வழி வந்தது. நம் தமிழிலும் 'பொறை' என்பது பாரத்தையும் பொறுமையையும் ஒருங்கே உணர்த்துதல் காண்க.

பொது ஆங்கிலம் இச்சொல்லைக் கைவிட்ட பின்னரும் ஸ்காட்லாந்து அதனைப் போற்றி வந்தது. ராபர்ட் பர்ன்ஸ் 1785-இல் பாடிய ஒரு பாட்டில், ஏர்முனையால் வீடிழந்த சுண்டெலி மாரிக்காலத்துப் பனிமழையைத் தாங்க வேண்டிய நிலையை இவ்வினையாலேயே குறித்தார். அந்நாட்டு நீதிமன்றங்களிலும் இது பயில்வதாம். ஒரு குற்றத்திற்கு ஒருமுறை விசாரணையை 'தோல்' செய்தவனை, அக்குற்றத்திற்கே மீண்டும் விசாரித்தல் கூடாதென்பது விதி.

ஸ்காட்லாந்தினின்று குடியேறினோர் இச்சொல்லை 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் வடபகுதிக்குக் கொண்டு சென்றனர். அங்கே பிறந்தவர் நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஷேமஸ் ஹீனி (1939–2013). எதிர்பாரா மரணத்தால் துயருற்ற குடும்பத்தைக் குறித்துப் பேசுகையில், அவர்கள் இனித் தாங்கப் பழக வேண்டியதுதான் என்று அவருடைய அத்தை இச்சொல்லாற் கூறுவாராம். பிற்காலத்தில் 'பேயோவுல்ப்' என்னும் தொன்மையான காப்பியத்தின் சொற்றொகுதியில் 'தோலியன்' என்பதை ஹீனி கண்டார். பழைய எழுத்துருவால் முதலில் அயலாய்த் தோன்றிய அது, அத்தையின் வாய்ச்சொல்லே என்று பின்னர்த் தெளிந்தார். அக்காப்பியம் தமக்கும் உரியதென்னும் துணிவு அவருக்குப் பிறந்தது. 1999-இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் இதனை அவரே விளக்கியுள்ளார்.

'டாலரேட்' என்பது இருக்க, இது எதற்கு என்று வினவலாம். விலக்கக் கூடியதை விலக்காது விடுதலையும் 'டாலரேட்' குறிக்கும். விலக்கலாகாததைச் சுமந்து நிற்றலே 'தோல்'. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் முன்னதைச் சொல்லுதல் ஒவ்வாது, பின்னது ஒவ்வும்.

பல்கலைக்கழகம் காக்கும் ஏட்டுச் சொல்லைக் கல்லாத மூதாட்டியரும் காத்து வருதல் கூடும். ஆதலின், விடுமுறையில் இல்லஞ் செல்லும் நாம், நம் பாட்டிமாரின் சொற்களைக் கொச்சை என்று நகையாடுமுன் ஒருமுறை அகராதியைப் புரட்டிப் பார்ப்போமாக.