சாயம் போன சாரனும் டொயோட்டா வேனும்

2008 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலை எனது கடையைத் திறக்கும்போதே வாசலில் மூன்று பேர் நின்றார்கள். மூவர் கையிலும் ஒரே பச்சை நிறச் சாரன். ஒருவர் தனது வெள்ளை ஜுப்பாவையும் சேர்த்துக் கொண்டு வந்திருந்தார். இடுப்புக்குக் கீழே அது முழுவதும் பச்சையாகக் கிடந்தது.

"காக்கா, பெருநாள் தொழுதுட்டு வாறக்குள்ள மழை புடிச்சிட்டு. ஊட்ட வந்து பார்த்தா இந்தக் கோலம். இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெருநாளுக்கென்று 240 சாரன்களை மருதமுனையில் ஓடர் கொடுத்து நெய்விப்பித்திருந்தேன். யாரிடமும் இல்லாத பச்சை, கரையில் மெல்லிய பொன்னிறக் கோடு. பெருநாள் இரவுக்குள் 150 விற்றுப் போயின. அடுத்த பத்து நாட்களில் அவற்றில் 71 திரும்பி வந்தன. வந்தவர்களுக்கெல்லாம் காசைத் திருப்பிக் கொடுத்தேன். எஞ்சியதை விற்க மனம் இடம் தரவில்லை. அவ்வருடம் பெருநாள் வியாபாரத்தில் நான் கண்ட லாபம் அந்தப் பச்சைத் தண்ணீரோடு போய்விட்டது.

கோபத்தோடு மருதமுனைக்குப் போனேன். நெசவாளி வயதானவர், வாப்பாவின் காலத்திலிருந்தே எங்களுக்கு நெய்து தருபவர். சத்தம் போட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மகன், பத்து நாளைக்குள்ள சாமான் வேணும் எண்டு நிண்டது நீங்கதானே. சாயம் போட்ட நூலைக் கொதிதண்ணியில சவுக்காரம் போட்டு ரெண்டு மூண்டு தரம் அலசணும். விறகுக் காசும் நீங்க தரல்ல, நாளும் தரல்ல. பச்சைத் தண்ணியில ஒருக்கா அலசிட்டுத் தறியில ஏத்திட்டன்" என்றார்.

சாயத்தைப் பற்றிச் சாரன் வியாபாரி ஒருவன் தெரிந்திருக்க வேண்டிய முதற் பாடத்தை, சாரன் விற்கத் தொடங்கிப் பல வருடங்களுக்குப் பின்னர் அன்றுதான் படித்தேன். இன்று பருத்தி நூலுக்குப் பெரும்பாலும் பயன்படும் சாயங்கள் நூலோடு இரசாயன ரீதியாகவே பிணைந்துவிடுபவை. 1956 இல் பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. கொம்பனி இவ்வகைச் சாயத்தை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டு வந்தது. உப்பு சாயத்தை நூலை நோக்கித் தள்ளுகிறது, சோடா அதைப் பிணைய வைக்கிறது. ஆனால் போட்ட சாயம் எல்லாமே நூலில் பிணைவதில்லை. ஒரு பகுதி தண்ணீரோடு சேர்ந்து செத்துப்போய் நூலின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொதிநீரிலும் சவுக்காரத்திலும் கழற்றி எடுக்காவிட்டால், வாங்கியவரின் ஜுப்பாவில்தான் அது கழரும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. வெள்ளைத் துணித் துண்டொன்றை நனைத்துச் சாரனின் மேல் பத்துத் தரம் அழுத்தித் தேய்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை 240 சாரனுக்கும் முதலே செலவழித்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

புதிய தொழில்நுட்பம், புதிய உற்பத்தி என்ற பேச்சு வந்தாலே நம்மவர்கள் அது ஜப்பான்காரனின் வேலை, மிஞ்சிப் போனால் கொழும்பிலுள்ள பெரிய கொம்பனிகளின் வேலை என்று ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் மட்டக்களப்பு வாவியின் வடக்கே ஏறாவூரிலிருந்து தெற்கே கல்முனை வரையுள்ள நமது ஊர்களில் தறி, தையல், இனிப்புப் பண்டம், அரிசி ஆலை, படகு என்று எத்தனை தொழில்கள் இருக்கின்றன! ஒரு நெசவாளி கரையின் கோட்டை மாற்றினாலும் அது புதிய உற்பத்திதான். கேள்வி வேறு. அந்தப் புதுமைக்குத் திட்டம் போட்டவர் யார், சோதித்தவர் யார், பிழைத்துப் போனால் நட்டத்தைச் சுமப்பவர் யார்?

மருதமுனைக் கைத்தறியை அறியாதவர் கிழக்கில் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் தறிக்குப் பொற்காலம். நெய்ததெல்லாம் விற்றது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டு ஆலைத் துணி மலிவு விலையில் வந்து குவிந்தது. நாடு முழுவதும் எத்தனையோ தறிகள் நின்றுபோயின. பிறகு யுத்தம். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து தறியையும் நூலையும் மட்டுமல்ல, நெய்தவர்களையும் கொண்டுபோனது. கிணறுகளெல்லாம் உப்பாகின. சாயத்தொழிலுக்குத் தண்ணீர்தான் முதல் மூலப்பொருள் என்பதால் அதுவும் சிறிய இழப்பல்ல. தண்ணீரின் தன்மை மாறினால் அதே சாயம், அதே அளவு, வேறு நிறம். எல்லாம் அடங்கிய பின்னர் 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களிலேயே 360 ஐத் தொட்டது. இறக்குமதியாகும் நூலுக்கும் சாயத்துக்கும் என்ன நடந்திருக்கும் என்பதை வியாபாரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு தறி நிற்பது மலிவுத் துணியோடு விலையில் போட்டியிட்டு அல்ல, அது முடியவும் முடியாது. ஆலை செய்யாத ஒன்றைச் செய்துதான் தறி வாழ முடியும். அதாவது புதிய மாதிரிகள். அங்கேதான் சிக்கல்.

ஒரு சாரன் ஏறக்குறைய 48 அங்குல அகலம் என்று வைப்போம். அங்குலத்துக்கு 60 இழை என்றால் பாவில் 2,880 இழைகள். பாவின் நிறத்தையோ கோட்டையோ மாற்ற வேண்டுமானால் புதிய பாவு ஓட்டி, அந்த 2,880 இழைகளையும் ஒவ்வொன்றாகக் கையால் பிணைக்க வேண்டும். ஒரு மாதிரிக்காக யார் அதைச் செய்வார்? செய்தால் பாவு முழுவதையும் நெய்து தீர்க்க வேண்டும். விற்காவிட்டால்? நாங்கள் வியாபாரிகள் என்ன சொல்கிறோம்? "வைச்சிட்டுப் போங்க, வித்தா காசு தாறன்" என்கிறோம். பழைய மாதிரிக்கு உடன் காசு, புதிய மாதிரிக்குக் கடன். இப்படிச் செய்துவிட்டு, நம்ம ஆட்கள் புதிதாக ஒன்றும் செய்கிறார்கள் இல்லை என்று பள்ளி வாசலில் நின்று குறை பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன்.

இவ்விடத்தில் நமது வீதிகளில் ஓடும் டொல்பின் வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். டொயோட்டா ஒரு தறிக் குடும்பம் என்பது பலருக்குத் தெரியாது. சகிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். தாய் தறியில் கஷ்டப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர். 1891 இல் ஒரு கையால் இயக்கக்கூடிய மரத்தறி ஒன்றுக்கு அவர் காப்புரிமை பெற்றார். பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் அதே வேலை. 1924 இல் வந்த அவரது தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். பிழையான துணி ஓர் அங்குலமும் கூடுதலாக நெய்யப்படாது. ஒரு தொழிலாளி பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். தறிகளைச் சொந்தச் சோதனை ஆலையில் ஓட்டிப் பார்த்துத் திருத்திய பின்னரே அவர் விற்பனைக்கு விட்டார். 1929 இல் இங்கிலாந்தின் பிளட் பிரதர்ஸ் கொம்பனி அந்தத் தறியின் உரிமைக்கு ஒரு இலட்சம் பவுண் தர ஒப்பந்தம் செய்தது. தறியை உலகுக்கு விற்ற ஊர்க்காரன், தறியின் புத்தியை ஜப்பானிலிருந்து வாங்கினான்! அந்தப் பணம் மகன் கிச்சிரோவின் மோட்டார் வாகன முயற்சிக்குப் போனதாகச் சொல்வார்கள். 1937 இல் டொயோட்டா மோட்டார் கொம்பனி பிறந்தது. பிழை கண்டால் நிறுத்து என்ற அந்தத் தறிப் பழக்கம் இன்றும் அவர்களது கார்த் தொழிற்சாலைகளில் இருக்கிறது. எனது பச்சைச் சாரனில் அப்படி நிறுத்த யாரும் இருக்கவில்லை. நிறுத்தியிருக்க வேண்டியவனே அவசரப்படுத்தினேன்.

சாயம் போவதைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கதையையும் விட்டுவிட முடியாது. பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கண்ணூர்க்காரரான கெப்டன் கிருஷ்ணன் நாயர் முதலில் துணி வியாபாரி. 1958 இல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி மெட்ராஸ் கட்டத் துணியை அவரிடம் யார் ஒரு டொலருக்கு வாங்கினார். இது சாயம் கழரும், குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் கழுவ வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தார். எச்சரிக்கை கடைக்குப் போய்ச் சேரவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டை வாங்கியவர்கள் மெஷினில் போட்டுக் கழுவ, மற்ற உடுப்பெல்லாம் நிறம் மாறியது. வழக்கு என்ற நிலை வந்தபோது நாயரே அமெரிக்கா போனார். பிறகு ஒரு சஞ்சிகையில் இத்துணியைப் பற்றி எழுதச் செய்தார்கள். ஒவ்வொரு கழுவலிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய அழகு தரும் கைத்தறி, சாயம் கழருவது உத்தரவாதம் என்று விளம்பரம் வந்தது. அதன் பிறகு கடைகளுக்கு ஓடர் குவிந்தது. இது நாயரே பல தடவைகள் சொன்ன கதை.

இதைக் கேட்ட என் மருமகன், "அப்ப மாமா, நம்மட பச்சையையும் அப்படி வித்திருக்கலாமே" என்றான். ஜுப்பாவோடு வந்தவரிடம் போய் அதைச் சொல்லிப் பார் என்றேன். அமெரிக்காவில் அந்தக் குறை முன்கூட்டிச் சொல்லப்பட்ட பின்னர்தான் விற்பனைப் பொருளானது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியிடம், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் நாமெல்லோரும் அறிந்ததே. ஈரம் மேலே இருந்தால் அது விலைக்குரிய விடயம். உள்ளே இருந்தால் மோசடி.

நமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1964 இல் கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையத்துப் பெண்களுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும்படி பார்பரா சன்சோனி என்ற ஓவியர் கேட்டுக்கொள்ளப்பட்டார். பெயார்ஃபூட் அங்கிருந்துதான் வளர்ந்தது. தறி அதே தறி. நிறங்களை யாரும் சேர்க்கத் துணியாதபடி சேர்த்தார். துணியைத் துணியாக மட்டும் விற்காமல் பை, மேசை விரிப்பு, பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மை என்று ஆக்கினார். 2022 இல் அவர் காலமாகும்போது கொழும்புக்கு வரும் வெளிநாட்டவர் தேடிப்போகும் கடையாக அது இருந்தது. நான் கவனித்தது ஒன்று: அங்கே டிசைனைத் தீர்மானிப்பவரும் விற்பவரும் ஒரே நிறுவனம். மாதிரி பிழைத்தால் நட்டம் தறியில் இருப்பவளின் தலையில் விழாது. நமது ஊரில் தீர்மானிப்பவன் கடைக்காரன், நட்டப்படுபவன் நெசவாளி.

இதற்கு நம்மிடம் வழியில்லையா? முளாரபாவில் முதல் போட்டவர் பண நட்டத்தைச் சுமக்கிறார், உழைத்தவர் தனது உழைப்பை இழக்கிறார். இஸ்திஸ்னாவில் இன்ன அளவு, இன்ன தரம் என்று தெளிவாகப் பேசிச் செய்யச் சொல்கிறோம், செய்து தந்ததை ஏற்றுக்கொள்கிறோம். வங்கிக்காரர்கள் இப்பெயர்களைப் பெரிய பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 20 சாரன் ஓடர் கொடுக்கும் நாம் இவற்றை நினைப்பதில்லை. நுணுக்கங்களை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வியாபாரியாக ஒன்றைத்தான் சொல்வேன், "வித்தா காசு" என்பது இவை இரண்டிலும் சேராது.

அந்த வருடத்துக்குப் பின்னர் நான் செய்துவரும் முறை இது. பாவு முடியும் தறுவாயில் கடைசி இரண்டு யாரை எனக்கென்று விடச் சொல்வேன். அதில் ஆறு அங்குலத்துக்கு ஒரு தரம் ஊடை நூலின் நிறத்தை மாற்றி நெய்து தருவார்கள். பாவை மாற்றாமலே பன்னிரண்டு மாதிரிகள் ஒரே துண்டில் கிடைத்துவிடும். அந்த இரண்டு யாருக்கும் நெசவாளியின் இரண்டு நாள் கூலிக்கும் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவேன், விற்றாலும் விற்காவிட்டாலும். துண்டைக் கடையில் தொங்கவிட்டு, வருபவர்களில் யாருடைய கை எந்த நிறத்துக்குப் போகிறது என்று பார்ப்பேன். "நல்லா இருக்கு" என்று வாயால் சொல்வதைக் கணக்கில் எடுப்பதில்லை. விலை கேட்பவரைத்தான் கணக்கில் எடுப்பேன். பிறகு 12 சாரன் மட்டும். அதில் ஒன்று என் வீட்டுக் கொடியில் ஒரு மாதம் வெயிலில் கிடக்கும், கிணற்றடியில் எட்டுத் தரம் கழுவப்படும்.

பன்னிரண்டு மாதிரிகளில் ஒன்றோ இரண்டோதான் தேறும். மற்றவற்றுக்குக் கொடுத்த காசு போனதுதான். கணக்குப் புத்தகத்தில் அதற்கு நான் தனி வரி வைத்திருக்கிறேன், கடை வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் இருப்பது போல.

போன மாதம் ஒரு கருநீலம் தேறியது. வெள்ளைத் துணியால் தேய்த்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது. நெசவாளி இப்போது இல்லை, அல்லாஹ் அவருக்கு மறுமையில் நல்லிடம் அருள்வானாக. நெய்தது அவரது பேத்தி. சாமானைக் கொடுத்துவிட்டு, "மாமா, விறகுக் காசு தனியா எழுதியிருக்கன்" என்றாள். எண்ணிக் கொடுத்தேன்.