உங்களுக்குத் தெரியுமா? கறுப்பு டி-சட்டைக்காரர்கள் எதைப் பாடுகிறார்கள்?

இரவு பத்து மணிக்கு மேல் ஜோர்ஜ்டவுன் மாமாக் கடை ஒன்றில் ஒரு மேசை நிறையக் கறுப்பு டி-சட்டைகள். சட்டையில் மண்டை ஓடு, அதன் மேல் வேர் முளைத்த மாதிரி படிக்கவே முடியாத எழுத்தில் ஒரு பெயர். பக்கத்து மேசைப் பெரியவர் 'பேய்ப் பாட்டுக் கூட்டம்' என்று முணுமுணுத்துவிட்டு தே தாரிக்கை உறிஞ்சுவார். கொஞ்சம் காது கொடுத்தால் அங்கே நடக்கிற பேச்சு வேறு. புது ஆல்பத்தில் டிரம் சத்தம் எடுபடவில்லை, ரிஃப் எல்லாம் போன ஆல்பத்தில் கேட்டதுதான், வரிகளில் மறுபடியும் போர்தானா, வேறு விஷயமே கிடைக்காதா! ஹெவி மெட்டல் ரசிகர்களைப் போல வரிகளை நோண்டுகிறவர்கள் குறைவு. இந்த வாரம் அவர்கள் பக்கம்.

● ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே 1992-இல் தமிழ் இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய குழு ருத்ரா. தங்கள் இசைக்கு 'வேதிக் மெட்டல்' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பாஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே அடிவயிற்றிலிருந்து உறுமும் பாடகர் கதிர் வேதாந்தம் படித்தவர். 1998-இல் முதல் ஆல்பம், 2003-இல் 'குருக்ஷேத்ரா', அதன் பிறகு 2005, 2009, 2011 என்று மூன்று பாகமாக 'பிரம்மவித்யா'. பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், ஆனால் நடுவே சம்ஸ்கிருத சுலோகம் வந்து விழும். 'நான் யார்' என்ற விசாரணையை இரட்டை பாஸ் டிரம்மின் மேல் ஏற்றி வைத்தவர்கள் இவர்கள். 2022-இல் வந்த ஆல்பத்துக்குப் பெயரே 'எய்ட் மகாவித்யாஸ்', சாக்தத்தின் தேவியர் வரிசை. காளியை வரைந்த காலண்டர் வீட்டில் தொங்கும்போது வராத பயம், அதே காளி கேசட் அட்டையில் வந்தால் மட்டும் ஏன் வருகிறது என்று எனக்குப் புரிந்ததில்லை. சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தின் இசையியலாளர் யூஜின் டைரியநாதன் இந்தக் குழுவையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தையும் வைத்து 2009-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 'குருக்ஷேத்ரா'விலிருந்து தொடங்கலாம். கதை தெரிந்திருப்பதால் உறுமல் பாதி புரிந்துவிடும்.

● ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நிமிர்ந்து, நடு விரலும் மோதிர விரலும் மடங்கி, கட்டைவிரல் அவற்றின் மேல் அமர்ந்திருக்கும் அந்தக் கைச் சைகை சாத்தானுக்குப் போடும் கும்பிடு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதை மெட்டல் மேடைகளில் பரப்பியவர் ரோனி ஜேம்ஸ் டியோ. 1979-இல் பிளாக் சபாத் குழுவில் சேர்ந்தவர். இத்தாலிய வம்சத்துப் பாட்டி கண்ணேறு கழிக்கக் காட்டும் சைகை அது, சிறு வயதில் பார்த்துப் பழகியது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக, மேடை முன்னால் ஆயிரக்கணக்கான கைகள் சேர்ந்து செய்வது திருஷ்டி கழிப்பு! கட்டைவிரலைக் கொஞ்சம் நீட்டி, மடங்கிய இரு விரல்களின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். பரதநாட்டியத்துச் சிம்ஹமுகம் கிடைத்துவிடும்.

● ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த சத்தம் ஒரு தொழிற்சாலை விபத்தில் பிறந்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தார் பின்னாளில் பிளாக் சபாத்தின் கிட்டார்க்காரரான டோனி அயோமி, வயது 17. வேலையை விட்டு நிற்கும் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். 'எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா' என்று அம்மா அனுப்பிவைத்தார். அன்று பிரஸ் மெஷினில் நிற்க வேண்டிய ஆள் வரவில்லை. அயோமியை நிற்க வைத்தார்கள். வலது கை நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. இடது கைப் பழக்கமுள்ளவர் என்பதால் கிட்டாரில் தந்தியை அழுத்தும் கையே அதுதான்.

தொழிற்சாலை ஃபோர்மன் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கிய ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. அதைக் கேட்டு ரோஷம் வந்த அயோமி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவப் பாட்டிலை உருக்கித் தன் விரலுக்கு உறை செய்தார். பழைய தோல் சட்டையில் துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டினார். கனமான தந்தி வலித்தது, மெல்லிய பாஞ்சோ தந்தியைப் போட்டார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். இன்று உலகம் முழுக்க மெட்டல் குழுக்கள் சுருதியை இறக்கி வாசிப்பதற்கு இதுதான் தொடக்கம். பாயான் லெப்பாஸில் ஷிப்டு முடித்துவிட்டு ஹெட்போனை மாட்டுகிறவருக்கு இந்தக் கதை தனியாக விளக்க வேண்டியதில்லை. அங்கே தடையற்ற தொழிற்பேட்டை வந்தது 1972. அதற்கு இரண்டு வருஷம் முன்பே பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்துவிட்டது.

● அந்த பிளாக் சபாத்தின் கடைசிக் கச்சேரி 2025 ஜூலை 5 அன்று, பிறந்த ஊரான பர்மிங்ஹாமிலேயே வில்லா பார்க் மைதானத்தில் நடந்தது. பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் அதற்குப் பிறகு உயிரோடிருந்தது 17 நாள்தான்.

● நம் நாட்டு ராக் இசைக்கு முதல் கண்டம் வரிகளால் வரவில்லை, முடியால் வந்தது. 1992-இல் நீள முடிக்காரர்களுக்கு ஆர்.டி.எம். திரை மூடப்பட்டது. 'இசபெல்லா' புகழ் செர்ச் குழுவினரின் முடியைத் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட் தம் கையாலேயே கத்தரித்தார். (நம் பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள், அதான் ஆலிகேட்ஸ், தேன்கூடு மாதிரி முடி வைத்துக்கொண்டு நாடு முழுக்கப் பாடியவர்கள். அது மலாய்ப் பாப், யாரும் கத்தரிக்கோலைத் தேடவில்லை.)

அடுத்து 2001-இல் கோலாலம்பூரில் நடக்க வேண்டிய மெகாடெத் கச்சேரி நின்றது. காரணமாகச் சொல்லப்பட்டது அவர்களுடைய சின்னம், கண்ணும் காதும் வாயும் இரும்பால் அடைக்கப்பட்ட விக் ராட்டில்ஹெட் என்ற எலும்புக்கூடு. தீயதைப் பார்க்காதே, கேட்காதே, பேசாதே என்னும் மூன்று குரங்குகளின் எலும்பு வடிவம்தான் அது, பாவம். அதே ஆண்டு கெடாவில் பிளாக் மெட்டல் பயம் பள்ளிக்கூடம் வரைக்கும் போனது. 2006 ஜனவரியில் தேசிய ஃபத்வா மன்றம் பிளாக் மெட்டல் கலாச்சாரத்தை முஸ்லிம்களுக்கு ஹராம் என்று அறிவித்தது. 2013-இல் அனுமதி, தடை இரண்டும் நடந்தன. ஆகஸ்ட் 21-ஆம் தேதி மெட்டாலிக்கா மெர்டேக்கா அரங்கத்தில் வாசித்தார்கள், துங்கு சுதந்திரம் அறிவித்த அதே அரங்கம். அடுத்த மாதம் வர வேண்டிய லேம்ப் ஆஃப் காட் குழுவுக்கு அனுமதி கிடைக்கவில்லை, வரிகள் மத உணர்வைப் புண்படுத்தும் என்று ஆட்சேபணை. ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போடும் விஷயம் இது: வரிதான் அளவுகோல் என்றால் போதை அடிமைத்தனத்தைப் பற்றிய 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஒரு தடுப்புப் பிரச்சாரமாக அல்லவா எண்ணப்பட வேண்டும்?

● பக்கத்து நாட்டில் கதை தலைகீழ். இந்தோனேசிய அதிபராக இருந்த ஜோகோ விடோடோ தீவிர மெட்டல் ரசிகர். 2013-இல் ஜகார்த்தா ஆளுநராக இருந்தபோது மெட்டாலிக்காவின் ராபர்ட் ட்ருஹியோ கையெழுத்திட்ட பாஸ் கிட்டார் அவருக்குப் பரிசாக வந்தது. ஊழல் ஒழிப்பு ஆணையம் அது அன்பளிப்புக் கணக்கில் வருமென்று வாங்கி வைத்துக்கொண்டது. அதிபரான பின் டென்மார்க் பிரதமர் வழியாக 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' இசைத்தட்டுப் பெட்டி வந்தது. இந்த முறை மனுஷன் 1 கோடியே 10 லட்சம் ரூப்பியாவை அரசுக்குக் கட்டிப் பெட்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

● கொடூரமான வரிகளைக் கேட்டுக் கேட்டு மனசு மரத்துப் போகாதா? ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். டெத் மெட்டல் ரசிகர்கள் 32 பேர், ரசிகரல்லாதவர்கள் 48 பேர். ஒரு கண்ணுக்கு வன்முறைப் படம், மறு கண்ணுக்குச் சாதாரணப் படம், இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவார்கள். மூளை இரண்டையும் சேர்த்துப் பார்க்காது, மாறி மாறித்தான் பார்க்கும். ஆபத்தைக் காட்டும் படத்திலேயே அதிக நேரம் நிற்பது மனித சுபாவம். மரத்துப் போனவருக்கு அந்த வித்தியாசம் இருக்கக் கூடாது. காதில் ஒருமுறை நரமாமிசம் தின்பதைப் பாடும் பிளட்பாத் குழுவின் பாட்டு, இன்னொரு முறை ஃபரல் வில்லியம்ஸின் 'ஹாப்பி'. ரசிகர்களின் கண்ணும் மற்றவர்களின் கண்ணைப் போலவே வன்முறைப் படத்தில்தான் நின்றது. மரத்துப் போகவில்லை.

● சிங்கப்பூர் கிரைண்ட்கோர் குழு வோர்ம்ராட், 2012-இல் பிரான்ஸின் ஒரு பண்ணையில் வாசித்தபோது முன்வரிசையில் நின்ற ரசிகை ஓர் ஆடு. பெயர் பிக்கெட். பால் கறந்து ஓய்ந்த கிழ ஆடு, எந்தக் குழு வந்தாலும் மேடைக்கு முன்னால் வந்து நின்றுகொள்ளுமாம். அந்தப் படம் உலகத்தைச் சுற்றி வந்தது. குழுவும் பிற்பாடு பெரிய மேடைக்குப் போனது, 2017-இல் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்தார்கள்.

● அந்த உறுமல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருவதில்லை. நிஜக் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு, பேசும்போது சும்மா இருக்கும். அதை அதிர வைப்பதுதான் வித்தை. மங்கோலியா பக்கத்துத் துவா மக்களின் அடித்தொண்டைப் பாட்டிலும் அதே மடிப்புக்குத்தான் வேலை. தெரியாமல் கத்துகிறவர்களுக்கு இரண்டே பாட்டில் தொண்டை கட்டிவிடும், அதுவும் உண்மை.

● புது ஆல்பங்களில் மாமாக் கடை மேசை அதிகம் அலசியது எது என்று கேட்டால் ஸ்வீடன் குழு ஓப்பெத்தின் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்பேன். 2024 நவம்பரில் வந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஒரு பணக்கார வீடு. பெரியவர் இறந்துவிட்டார், உயில் வாசிக்கப்படுகிறது. பாடல்களுக்குப் பெயரே கிடையாது, பத்தி 1, பத்தி 2 என்று பத்தி 7 வரை எண்தான். கடைசிப் பாட்டுக்கு மட்டும் பெயர் உண்டு. சொந்தம் என்று நினைத்தவர்கள் சொந்தமில்லை, வேலைக்காரி வழியில் வந்ததாகச் சொல்லப்படும் மகளுக்குச் சொத்து, முடிவில் அதிலும் ஒரு கோணல். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் உயிலை வாசிப்பதோடு புல்லாங்குழலும் ஊதுகிறார். மாலை ஏழு மணி சீரியல் பார்க்கும் அம்மாவுக்குக் கதையைச் சொல்லிப் பாருங்கள், உட்கார்ந்து கேட்பார். பாட்டைப் போடுவது உங்கள் சாமர்த்தியம்.

● அயர்ன் மெய்டன் 1986-இல் மாவீரன் அலெக்சாண்டரைப் பற்றி எட்டு நிமிடத்துக்கு மேல் ஒரு பாட்டு போட்டார்கள். அதை மேடையில் முதன்முதலாக வாசித்தது 2023-இல். கேட்டுக் கேட்டு ரசிகர்களுக்கு நரைத்துவிட்டது.

● நியூசிலாந்தின் ஏலியன் வெப்பன்ரி மாவோரி மொழியில் பாடுகிறார்கள். அவர்களுடைய பேர் பெற்ற பாட்டு ஒன்று 1864-இல் பிரிட்டிஷ் படையோடு நடந்த கேட் பா போரைப் பற்றியது, தங்கள் மூதாதை ஒருவரே உயிர்விட்ட போர். டெல்லியின் பிளட்டிவுட் பஞ்சாபி டோலைக் கிட்டாரோடு மோதவிட்டு 2025 மார்ச் மாதம் 'நு டெல்லி' என்று இரண்டாவது ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். டோலே இந்தப் போடு போடும்போது உறுமி சும்மா இருக்கலாமா? வளைந்த குச்சியால் அதன் தோலைத் தேய்க்கையில் எழும் அந்த முனகல், சுருதி இறக்கிய கிட்டாருக்குப் பக்கத்தில் கச்சிதமாக உட்காரும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் காவடிக்கு முன்னால் நின்று கேட்டவர்கள் ஒப்புக்கொள்வார்கள். தமிழ் வரிகளோடு மெட்டல் முயற்சிகள் அங்கங்கே இருக்கின்றன. உறுமியை முன்னால் நிறுத்தி ஒரு முழு ஆல்பம் வர வேண்டும் என்பது என் ஆசை.

● 'மறுபடியும் போர்தானா' என்ற புகாருக்கு வருவோம். ஸ்வீடனின் சபாட்டன் குழு போரைத் தவிர அநேகமாக வேறெதையும் பாடுவதில்லை. முதல் உலகப் போருக்கு மட்டும் 2019-இல் ஒன்று, 2022-இல் ஒன்று என்று இரண்டு ஆல்பம். அந்தப் போரின் ஒரு காட்சி நம் ஜெட்டிக்கு எதிரிலேயே நடந்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குக்கு வந்தது. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பல் என்று நம்ப வைக்க நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு வந்தார் தளபதி கார்ல் ஃபான் முல்லர். துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல் செம்சுக் சில நிமிடங்களில் மூழ்கியது. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயையும் எம்டன் மூழ்கடித்தது, ஆனால் தண்ணீரில் தத்தளித்தவர்களை நின்று தூக்கிவிட்டுத்தான் போனது. இத்தனையும் நடக்கும்போது ரஷ்யக் கப்பலின் தளபதி கப்பலிலேயே இல்லை, முந்தின இரவே கரைக்கு வந்துவிட்டிருந்தார். சென்னையும் பினாங்கும் ஒரே பாட்டில் வருகிற மாதிரி இப்படியொரு கதையை ஸ்வீடன்காரர்கள் எழுதும் வரைக்கும் காத்திருப்பதா? ஜோர்ஜ்டவுனில் சவுண்ட்மேக்கர் மாதிரி கிக் நடக்கிற இடங்களில் வாசிக்கும் பிள்ளைகள் யாராவது படித்தால், நான்காவது புகைபோக்கிக்குத் தனியாக ஒரு ரிஃப் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.