பொறியியற் கல்வியும் ஒரு மாணவனின் ஏமாற்றமும்



சென்ற மார்கழி விடுமுறையில் எமது பாடசாலையின் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். இந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பொறியியற் பீடத்தில் இரண்டாம் ஆண்டிற் பயில்பவன்; குளத்து நீரை நம்பி வயல் செய்யும் கமக்காரர் ஒருவரின் மகன். பதினைந்து வயதிலேயே ஊரிலுள்ள நீரிறைக்கும் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டப் பழகியிருந்தான். அவனுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தபோது, அவன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிப் பாடசாலை வாயிலிற் கட்டினோம். அந்தப் பிள்ளை என்னெதிரே அமர்ந்து, "சேர், படிப்பை விட்டுவிடலாமோ என்று யோசிக்கிறேன்" என்றான்.

காரணம் கேட்டேன். பொறியியல் என்றால் பொறிகளோடு பழகுவது என எண்ணிப் போனானாம். அங்கே வகையீட்டுச் சமன்பாடுகளும் தாயங்களும் வெப்ப இயக்கவியலுமே காத்திருந்தனவாம். ஆய்வுகூடத்தில் ஒரு கருவியைச் சூழப் பலர் நிற்க, ஒருவர் தொடுவார், ஏனையோர் பார்ப்பர். அறிக்கையோ முன்னைய ஆண்டு மாணவர்களின் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதப்படும். விரிவுரை ஆங்கிலத்தில் நிகழ்வதால், கணக்கை விளங்குமுன் சொல்லை விளங்கவேண்டியிருந்தது. இவற்றுக்கு மேலாக, அவன் விரும்பியது இயந்திரப் பொறியியல். முதலாண்டுப் புள்ளிகளின்படி கிடைத்ததோ குடிசார் பொறியியல்.

நான் கலைப் பட்டதாரி. பொறியியலைப் பற்றி அவனுக்கு விடை சொல்லும் தகுதி எனக்கு இருக்கவில்லை. "சற்றுப் பொறு, நானும் விசாரித்துப் பார்க்கிறேன்" என்று கூறி அனுப்பினேன். அவ்விதம் விசாரித்து அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன். ஏனெனில் இந்த ஏமாற்றம் அவனொருவனுக்கு மட்டும் உரியதன்று.

பொறியியற் பாடத்திட்டம் ஏன் இவ்வாறு அமைந்தது என்பதே முதற் கேள்வி. இலங்கையில் 1893ஆம் ஆண்டு தொழில்நுட்பக் கல்லூரி கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டது. பிற்காலத்தில் அங்கு கற்றோர் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்குத் தோற்றினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதிற் பொறியியற் பீடம் இருக்கவில்லை. 1950இலேயே கொழும்பில் அது தொடங்கி, 1964இற் பேராதனைக்குச் சென்றது. கட்டுபெத்தையில் வளர்ந்த தொழில்நுட்பக் கல்லூரி 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. பின்னாளில் ஹப்புகல, ஒலுவில், கிளிநொச்சி ஆகிய இடங்களிலும் பொறியியற் பீடங்கள் எழுந்தன.

இவ்வாறு பீடங்கள் பெருகிய அதே காலத்தில், உலகெங்கும் பொறியியற் கல்வியின் உள்ளடக்கமும் மாறியது. முற்காலத்தில் பட்டறையும் வரைபடமும் அதிற் பெரும் பங்கு வகித்தன. இரண்டாம் உலகப் போரில் ரேடார் முதலிய புதுமைகளை ஆக்குவதில் பௌதிகவியலாளரே முன்னின்றனர். அறிவியல் அடிப்படை போதாத பொறியியலாளர் பின்தங்கிவிடுவர் என்ற எண்ணம் அதனால் வலுத்தது. அமெரிக்காவில் 1955இல் வெளியான கிரின்டர் அறிக்கை, கணிதத்துக்கும் அடிப்படை அறிவியலுக்கும் கூடிய இடம் அளிக்குமாறு விதந்துரைத்தது. அப்போக்கு ஏனைய நாடுகளுக்கும் பரவியது. பட்டறையிற் செலவிட்ட நேரம் குறைந்து, கரும்பலகையின் முன் செலவிடும் நேரம் கூடியது.

அது வீணான மாற்றமா? ஓர் உதாரணம் கூறுவேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தகோமா என்னும் நகரருகே, நடுப்பாகம் மட்டும் 853 மீற்றர் நீளமான தொங்குபாலம் ஒன்று 1940ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 7ஆந் திகதி, மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீற்றர் வேகத்தில் வீசிய காற்றில் அது முறுகி முறுகி ஆடி இடிந்து வீழ்ந்தது. அதனினும் வலிய காற்றின் தள்ளுவிசையைத் தாங்குமாறே அதை அமைத்திருந்தனர். ஆயினும், அசைகின்ற பாலத்தின்மீது காற்று எவ்வாறு தொழிற்படும், ஓர் அசைவே அடுத்த அசைவை எவ்வாறு பெருக்கும் என்பதை அவர்கள் உரியவாறு கணித்திருக்கவில்லை. பின்னர் மாதிரிகளைச் செய்து, காற்றைச் செலுத்திச் சோதித்த பின்னரே 1950இற் புதிய பாலம் திறக்கப்பட்டது. அவ்வசைவை விளக்குவதற்கு வேண்டிய கணிதம், என் மாணவன் வெறுத்த அதே வகையீட்டுச் சமன்பாடுதான்.

இன்னோர் உதாரணம் நமது வாசலிலேயே உண்டு. குளத்தின் துருசைத் திறந்தால் நீர் பாய்கிறது. குளத்தில் நீர் நான்கு மடங்கு ஆழமாயின், நீர் பாயும் வேகமும் நான்கு மடங்காகும் என நாம் எண்ணுவோம். உண்மையில் அஃது ஏறத்தாழ இரு மடங்கே ஆகும். ஆழத்தின் வர்க்கமூலத்துக்கேற்பவே வேகம் அமையும் என்பதை இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி பதினேழாம் நூற்றாண்டிற் கண்டறிந்தார். எந்த வாரத்தில் எவ்வளவு நேரம் துருசு திறந்திருக்கவேண்டும், கடைவயலுக்கு நீர் சேருமா என்பனவெல்லாம் இக்கணக்கைச் சார்ந்தவை. கைப்பழக்கம் ஒரு துருசை அறியும். கணிதம் இன்னும் கட்டப்படாத துருசையும் அறியும்.

ஆகவே கணிதம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், இத்துடன் மாணவனைக் குறைகூறி முடித்துவிடுவது நீதியாகாது. அவன் கற்ற சமன்பாட்டுக்கும் பாலத்துக்கும் துருசுக்கும் உள்ள தொடர்பை அவனுக்கு எவரும் காட்டவில்லை. பயன் தெரியாத பாடம் சுமையாகும். இன்று உலகம் இதை உணர்ந்துள்ளது. 1989இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இற் கைச்சாத்திட்ட முழு உறுப்பினராயிற்று. அவ்வுடன்படிக்கை கணித அறிவோடு, குழுவாய் இயங்குதல், கருத்தைத் தெளிவுற உரைத்தல், தொழில் அறம் முதலியவற்றையும் பட்டதாரியிடம் எதிர்பார்க்கிறது. எழுத்தில் உள்ள இந்நோக்கம் வகுப்பறைக்கு வந்து சேர்வதற்குப் போதிய விரிவுரையாளரும் கருவிகளும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர் பலர் நாட்டை விட்டுச் சென்றமை இக்குறையை மேலும் பெருக்கியது.

பல்கலைக்கழகத்தின் பங்கைக் கூறினேன். இனி எமது பங்கைக் கூறவேண்டும். அதைக் கூறாது விடின் இவ்வுரை நேர்மையானதாகாது.

உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்கும் பிள்ளைக்கு நாம் கற்பிப்பது என்ன? கடந்தகால வினாத்தாள்களுக்கு விடை எழுதும் வித்தை. வினா எவ்வாறு வரும் என்பதை அறிந்த மாணவன், வினாவைத் தானே எழுப்பப் பழகுவதில்லை. இசற்புள்ளி உயர்ந்தால் எந்தப் பீடம் கிடைக்கும் என்று கணக்கிடுகிறோம். அப்பீடத்தில் என்ன கற்பிக்கப்படும் என்று பிள்ளைக்குச் சொல்வதில்லை. பெற்றோர் கேட்பதும் பட்டத்தின் பெயரையே.

என் தவறு இன்னும் கூர்மையானது. 2013ஆம் ஆண்டு முதல் உயர்தரத்திலே தொழினுட்பத் துறை என ஒரு பிரிவு உண்டு. அதில் பொறியியற் றொழினுட்பம் கற்போர் அதற்குரிய பட்டப்படிப்புக்கும் செல்லலாம். அங்கு செயன்முறைக்குக் கூடிய இடமுண்டு. சாதாரணதரப் பெறுபேறு வந்தவேளையில் இந்தப் பிள்ளை அத்துறையைப் பற்றி என்னிடம் விசாரித்தான். "உனக்குக் கணிதத்தில் நல்ல புள்ளி இருக்கிறது, அதை ஏன் வீணாக்குகிறாய்?" என்று நானே அவனைத் திருப்பி அனுப்பினேன். அன்று நான் நினைத்தது அவன் கைகளை அன்று. வாயிலிற் கட்டப்போகும் பெயர்ப்பலகையை. மார்கழியில் அவன் வந்தபோது இதை அவன் எனக்கு நினைவூட்டவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

இத்தகைய ஏமாற்றத்தில் உழலும் மாணவருக்கு, விசாரித்தறிந்த அளவில் மூன்று சொல்வேன். முதலாவது, ஒவ்வொரு பாடத்திலும் "இது எங்கே பயன்படுகிறது?" என்று விரிவுரையாளரைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவன்று. இரண்டாவது, தொழிற்றலப் பயிற்சிக்குச் செல்லுமுன் இறுதி முடிவு எடுக்காதீர்கள்; பலருக்குப் பாடத்தின் பொருள் அங்கேதான் புலனாகிறது. மூன்றாவது, பயிற்சிக்குப் பின்னும் மனம் ஒப்பவில்லையாயின், வேறு வழி தேடுவது அவமானமன்று. அப்போது பெற்றோர் ஊராரின் பேச்சுக்கு அஞ்சாது பிள்ளையின் பக்கம் நிற்றல் வேண்டும்.

அம்மாணவன் அண்மையில் எனக்கு எழுதினான். பயிற்சிக்காக நீர்ப்பாசன வேலைத்தலம் ஒன்றுக்குச் சென்றிருக்கிறான். வாய்க்காலில் நீரோட்டத்தை அளக்கக் கொடுத்தார்களாம். தான் வெறுத்த கணக்கு அங்கே வேலைக்கு உதவியதாம். "ஏமாற்றம் முழுவதும் போகவில்லை, ஆனால் இந்த ஆண்டைப் படித்து முடிப்பேன்" என்று எழுதியிருக்கிறான். அதற்குமேல் அவன் வாக்களிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எமது பாடசாலையில் இவ்வாண்டு முதல், சாதாரணதரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில், பழைய மாணவராகிய பொறியியலாளர் ஒருவரையும் தொழினுட்பவியலாளர் ஒருவரையும் அழைத்து, தத்தம் நாளாந்த வேலை யாது என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லச் செய்கின்றோம். செலவு ஒன்றுமில்லை, இருவருக்கும் தேநீர் மட்டுமே. ஏனைய பாடசாலை அதிபர்களும் இதனைச் செய்து பார்க்குமாறு பணிவுடன் வேண்டி, விடைபெறுகின்றேன்.