தாதி உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கு முன்

காணியை விட்டு வந்து கல்முனைப் பக்கம் குடியிருக்கும் குடும்பத்தினர், "மகளைத் தாதி உதவியாளர் பயிற்சிக்கு அனுப்பலாமா?" என நம்மிடம் கேட்பதுண்டு. அனுப்பலாம். ஆனால் சிலவற்றை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

இப்பயிற்சி ஒருவரைத் தாதியாக்காது. அரச தாதியர் சேவைக்கு உயர்தரத் தகைமையும் 3 ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். நோயாளியைக் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், படுக்கைப்புண் வராதபடி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல் ஆகியனவே உதவியாளரின் பணி. இதனை மகள் மனமுவந்து ஏற்கிறாளா என்று முதலில் அவளிடமே கேளுங்கள்.

பணம் கட்டுமுன், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதியப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். அது மட்டும் போதாது. குறித்த பாடநெறிக்குத் தேசிய தொழிற்தகைமை அங்கீகாரம் உண்டா என்பதையும் விசாரியுங்கள். அங்கீகாரமில்லாச் சான்றிதழை வேறிடத்தில் மதிக்கமாட்டார்கள். பற்றுச்சீட்டின்றி ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். மூலப் பத்திரங்களைக் காட்டிவிட்டு, பிரதிகளையே கையளியுங்கள்.

இடப்பெயர்விலோ 2004 சுனாமியிலோ பத்திரங்கள் தொலைந்திருந்தால் மனந்தளர வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிறப்புப் பதிவான பகுதியின் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம்.

பராமரிப்பு இல்லமொன்றில் ஏற்கெனவே வேலை செய்தவர்கள், அந்த அனுபவத்தை மதிப்பிடச் செய்தும் தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு முயலலாம்.

நேர்முகத்தில் இரவுக் கடமை, தங்குமிடம், உடை, தொழுகை நேரம் பற்றிக் கேட்க வெட்கப்படாதீர்கள். பெற்றோரில் ஒருவர் உடன் சென்று இடத்தைப் பார்த்து வருவது நல்லது.

காணிக்குத் திரும்பும் நாள் நம் கையில் இல்லை. பிள்ளை ஏமாறாமல் ஒரு தொழிலைக் கற்க வழி செய்வது நம் கையில் இருக்கிறது.