முட்டை அட்டையில் பிரெய்லி, பல்லாங்குழியில் கணக்கு

ஒன்று முதல் நூறு வரை தடையின்றிச் சொல்லும் பார்வையற்ற குழந்தையிடம், "ஏழு புளியங்கொட்டை எடுத்துக் கொடு" என்றால் கை தயங்குவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். எண்களின் வரிசை காது வழியாக மனப்பாடமாகிவிட்டது. எண்ணிக்கை இன்னும் கைக்கு வரவில்லை. வாய்மொழியாக மட்டுமே கற்பித்து அடுத்த வகுப்புக்கு அனுப்பினால் இந்த இடைவெளி ஆண்டுதோறும் பெருகும். அதை 1, 2ஆம் வகுப்புகளிலேயே விளையாட்டின் மூலம் நிரப்பலாம்.

முதலில் எண்ணிக்கை

எண்ணி முடித்தவை எவை, மீதி எவை என்பதைப் பார்வையுள்ள குழந்தை கண்ணாலேயே அறிந்துகொள்ளும். தொட்டு எண்ணும் குழந்தைக்கோ, பொருள் உருண்டு நகர்ந்தால் கணக்கு குழம்பிவிடும். ஆகவே பொருள் நகராத இடம் தேவை. பல்லாங்குழி இதற்கு மிகவும் ஏற்றது. குழிக்கு ஒரு கொட்டை எனப் போடும்போது ஒன்றுக்கு ஒன்று பொருத்துதல் பழகும். ஒரு வரிசையில் 7 குழிகள். 5 குழிகளில் கொட்டை இருந்தால், காலியாக உள்ளவை 2 என்று விரலே கழித்தலைச் சொல்லிவிடும்.

பிறகு எழுத்து

சத்துணவுக் கூடத்தில் மீதமாகும் முட்டை அட்டையிலிருந்து ஆறு குழிகள் கொண்ட துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எலுமிச்சம்பழம். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லியில், 1ஆம் குழியில் மட்டும் பழம் வைத்தால் 'அ'. 1, 3 என்றால் 'க'. 1, 4 என்றால் 'ச'. "உன் பெயரின் முதல் எழுத்தை வை, பார்ப்போம்" என்று தொடங்குங்கள்.

அட்டை புள்ளிகளின் இடத்தைத்தான் பழக்கும். உண்மையான பிரெய்லி எழுத்து விரல்நுனிக்குள் அடங்குவது. ஆகவே அடுத்து அட்டையில் ஒட்டிய சட்டைப் பொத்தான்கள், அதன்பின் பிரெய்லித் தாள் என அளவைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

எண்களில் கவனம்

3, 4, 5, 6 ஆகிய புள்ளிகள் சேர்ந்தது எண் குறியீடு. அதைத் தொடர்ந்து 'அ' வடிவம் வந்தால் 1. 'ச' வடிவம் வந்தால் 3. எண் 1க்கு ஒரு புள்ளி, 2க்கு இரண்டு புள்ளிகள் என்பதால் 3க்கு மூன்று இருக்கும் என்று குழந்தை எதிர்பார்க்கும். ஆனால் 3க்கு இரண்டு புள்ளிகளே, 9க்கும் இரண்டே. புள்ளிகளை எண்ணினால் எண் கிடைக்காது. எனவே ஒவ்வொரு எண் அட்டையோடும் அத்தனை புளியங்கொட்டைகள் ஒட்டிய அட்டையைச் சேர்த்துக் கொடுத்து, ஜோடி சேர்க்கும் விளையாட்டாக நடத்துங்கள். எண்ணிக்கையை முதலில் கற்பிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இவை தினமும் பத்து நிமிட விளையாட்டுகள். பார்வையுள்ள குழந்தைகளையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து ஆடச் சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்கு வகுப்பில் துணையும் கிடைக்கும், போட்டியும் கிடைக்கும்.