நாய் வண்டியும் பன்னிரண்டு பவுனும்

விஞ்ஞான நவீனம் ஒன்றைத் தமிழில் பெயர்க்க முற்படுகிறவர் முதலில் அஞ்சுவது கலைச்சொற்களைக் கண்டுதான். 'இந்த யந்திரத்துக்கு என்ன பெயர் சூட்டுவது? அந்தக் கிரணத்தை எப்படிக் குறிப்பது?' என்று அகராதிகளைப் புரட்டித் தவிப்பார். வாசற்கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான் இது. மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றுகிற சொற்கள் பெரும்பாலும் சர்வ சாதாரணமான சொற்களே.

இதற்கு எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் யுத்தம்' தக்க உதாரணம். 1897-ல் சஞ்சிகையில் தொடர்கதையாக வந்து, 1898-ல் புத்தகமானது. வெல்ஸ் லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிர்நூல் பயின்றவர். சில காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். செவ்வாய்க் கிரகத்து ஜீவன்கள் லண்டனுக்குத் தென்மேற்கே வோகிங் என்னும் ஊரருகே வந்து இறங்கி, நாட்டைச் சுட்டெரித்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் மடிந்து போவதே கதை.

இதில் வரும் கொடிய ஆயுதத்தை 'வெப்பக் கதிர்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது; சிறு பிள்ளைக்கும் விளங்கும். முதல் உருளை வந்து விழும் இடமாகிய 'ஹார்ஸல் காமன்' தான் சங்கடம் தருகிறது. 'காமன்' என்பதற்குப் 'பொது' என்று எழுதினால் பொருள் இல்லை. மன்மதனும் இங்கே வரவில்லை. ஊரார் அனைவருக்கும் உரிமையுள்ள திறந்த வெளி அது. நம் ஊர் மந்தைவெளி போன்றது என்றால் போதும்.

அப்பால் பைபிளீட் அருகில் ஆறு 'பன்னிரண்டு பவுண்டர்'கள் வரிசையாக நிற்கின்றன. அவசரக்காரர் இதைப் பன்னிரண்டு பவுன் ஆக்கி, வயல்வெளியில் தங்கத்தைக் குவித்துவிடுவார்! அவை பன்னிரண்டு ராத்தல் எடையுள்ள குண்டை எறியும் பீரங்கிகள். செவ்வாயின் 1894-ஆம் வருஷத்து 'அப்பொஸிஷன்' என்று வெல்ஸ் சொல்வது எதிர்ப்பும் அன்று, எதிர்க்கட்சியும் அன்று. சூரியனும் செவ்வாயும் பூமிக்கு இரு புறத்திலும் எதிரெதிரே நிற்கும் நிலை. சுமார் 780 நாட்களுக்கு ஒரு முறை நேர்வது. அச்சமயத்தில்தான் செவ்வாய் நம்மை நெருங்குகிறது. 'பிரஸென்ட்லி' என்ற சொல்லோ அக்கால வழக்கில் 'சற்று நேரத்துக்கெல்லாம்' என்று பொருள்படும். அதை 'இப்பொழுது' என்று எழுதினால் சம்பவங்களின் வரிசையே குலைந்துவிடும்.

இவையெல்லாம் தனிச் சொற்கள். முழுக் காட்சியே புரியாமற் போகும் இடமும் உண்டு.

கதை சொல்பவர் தம் மனைவியை அபாயத்திலிருந்து அகற்ற வேண்டி, வண்டி தேடிக்கொண்டு 'புள்ளி நாய்' என்னும் விடுதிக்கு ஓடுகிறார். அதன் சொந்தக்காரரை இங்கிலீஷில் 'லாண்ட்லார்ட்' என்பார்கள். அவர் நிலப்பிரபு அல்லர், விடுதிக்காரர். அவரிடம் 'டாக் கார்ட்' ஒன்று இருக்கிறது. நாய் இழுக்கும் வண்டி அன்று. ஆசனத்தின் அடியில் வேட்டை நாய்களை ஏற்றிச் செல்ல இடம் வைத்துக் கட்டிய குதிரை வண்டி. விடுதிக்காரர் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். தமக்கு ஒரு பவுன் வேண்டும் என்றும், ஓட்டிப் போகத் தம்மிடம் ஆள் இல்லை என்றும் சொல்கிறார். வந்தவர் இடையில் புகுந்து, இரண்டு பவுன் தருவதாகவும் நள்ளிரவுக்குள் திருப்பிக் கொணர்வதாகவும் கூறுகிறார். விடுதிக்காரர் திகைத்துப் போகிறார். ஏன்? அவர் விலை பேசிக்கொண்டிருந்தது ஒரு பன்றியை! இரட்டை விலையும் கொடுத்துப் பன்றியையும் திருப்பித் தருகிறவர் உலகில் உண்டா?

பலர் இந்த இடத்தை விளங்கிக்கொள்ளாமல் 'வண்டிக்கு ஒரு பவுன் வாடகை' என்று எழுதிவிடக்கூடும். பிறகு பன்றி எங்கிருந்து வந்தது என்று வாசகர் விழிப்பார். உண்மையில் இது தமிழுக்கு வெகு சுலபம். இங்கிலீஷில் 'இட்' என்னும் சிறு சொல்லில் வண்டியும் பன்றியும் ஒளிந்து நிற்கின்றன. நமக்கு அந்தச் சொல்லே வேண்டியதில்லை. 'ஓட்டிப் போக ஆள் இல்லை' என்றால் வண்டிக்கும் பொருந்தும், பன்றிக்கும் பொருந்தும்.

சிறு வேடிக்கைதானே, விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். அவசரத்தில் வண்டியைப் பெற்றுச் செல்கிறவர், விடுதிக்காரரும் தப்பியோட வேண்டும் என்பதை அவ்வளவு முக்கியமாக எண்ணவில்லை. அன்றிரவு புயலில் திரும்பி வரும்போது மின்னல் வெளிச்சத்தில் ஒரு பிணத்தைக் காண்கிறார். அது அந்த விடுதிக்காரருடையது. வேடிக்கையை ரசித்த வாசகர்தான் இங்கே நெஞ்சு துணுக்குறுவார். பன்றியை விட்டவர் பிணத்தையும் விட்டவரே.

இன்னொரு சொல். செவ்வாய் ஜீவன்களின் அறிவுக்கு வெல்ஸ் 'கூல்' என்று ஓர் அடைமொழி தருகிறார். அதைக் 'குளிர்ந்த' என்று பெயர்த்தால் விபரீதமாகும். வெயிலில் வாடும் நமக்குக் குளிர்ச்சி இன்பம். உள்ளம் குளிர்ந்தது என்றால் மகிழ்ந்தது என்று பொருள். குளிர் நாட்டவர் சொன்னதோ இரக்கமற்ற தன்மையை. 'ஈரமற்ற' என்றால் நம் மனத்தில் அது தைக்கும்.

அந்த ஜீவன்களை 'அவர்கள்' என்பதா, 'அவை' என்பதா? இங்கிலீஷில் 'தே' என்று தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் ஒவ்வொரு வினைமுற்றும் திணையைக் கேட்கிறது. நன்னூலார் மக்கள், தேவர், நரகர் ஆகியோரை உயர்திணையில் வைத்தார். செவ்வாயிலிருந்து வருவோரை அவர் எதிர்பார்க்கவில்லை! அறிவு மிகுந்தும் அன்பு இல்லாதவற்றை 'அவை' என்பதே தகும் என்பது என் கருத்து. எதுவாயினும் முதல் அத்தியாயத்தில் முடிவு செய்து கடைசி வரை காக்க வேண்டும்.

யாவற்றிலும் கடினமானது 'நாம்', 'நாங்கள்' என்னும் வேற்றுமை. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். செவ்வாய் ஜீவன்களைக் கொடியவை என்று தீர்ப்புச் சொல்லுமுன், நம் இனமே செய்த அழிவுகளை எண்ணிப் பார்க்கும்படி வெல்ஸ் கேட்கிறார். ஐரோப்பியக் குடியேற்றத்தால் டாஸ்மேனியர் அழிக்கப்பட்டதைச் சுட்டுகிறார். அவர்கள் அடியோடு மறைந்ததாக அவர் காலத்தவர் எண்ணினர்; அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். இங்கே 'நாங்கள்' என்றால் ஓர் ஆங்கிலேயர் தம் இனத்தவர் குற்றத்தை நம்மிடம் ஒப்புக்கொள்வதாகும். நாமும் அவர்கள் ஆட்சியில் இருந்தவர்களாதலால் அப்படி எழுத ஆசை எழுவது இயல்பே. ஆனால் வெல்ஸ் மனித குலம் முழுவதையும் கூண்டில் ஏற்றுகிறார். ஆகையால் 'நாம்' என்பதே நேர்மை. ஆங்கிலப் படையின் பீரங்கிகளைச் சொல்லும்போது 'எங்கள்' என்று எழுதலாம்.

மொழிபெயர்க்கப் புகும் இளைஞர்களுக்கு ஒரு யோசனை. எழுதி முடித்ததும் மூலத்தை மூடி வைத்துவிட்டு, தமிழ் மட்டும் அறிந்த ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். 'நாய் எப்படி ஐயா வண்டி இழுக்கும்?' என்று அவர் கேட்டால் கோபிக்க வேண்டாம். எந்த அகராதியும் கேட்காத கேள்வியை அவர் கேட்டிருக்கிறார். பேனாவை மீண்டும் எடுங்கள்.