மாட்டுங்கா மேடையில் மின் கிட்டார்

சிகரெட் விளம்பரத்தில் வளர்ந்து, மறக்கப்பட்டு, வெளிநாட்டு இசைத்தட்டுகளாகத் திரும்பி வந்திருக்கிறது பம்பாயின் பழைய ராக் இசை

மும்பைத் தமிழர்களுக்கு ஷண்முகானந்தா ஹால் என்றால் கர்நாடக சங்கீதம்தான். 1952-ல் தொடங்கப்பட்ட சபா, 1963-ல் திறந்த அரங்கம். சுமார் 3,000 இருக்கைகள். மாட்டுங்காவிலிருந்து நடந்தும் செம்பூரிலிருந்து பஸ் பிடித்தும் வந்து கச்சேரி கேட்டார்கள். ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே தாராவி. கிழக்கே தம்புராவின் சுருதி.

இதே மேடையில்தான் 1970-களின் தொடக்கத்தில் நீண்ட முடியும் பெல்பாட்டமுமாக இளைஞர்கள் மின் கிட்டாரை அலற விட்டார்கள். 'சிம்லா' சிகரெட்டை விற்பதற்காகப் புகையிலை நிறுவனம் நடத்திய 'சிம்லா பீட்' போட்டி அது. ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ், கல்கத்தாவிலிருந்து கிரேட் பேர் என்று நாலா பக்கமிருந்தும் குழுக்கள் வந்தன. மதராஸ் பையன்களும் விடவில்லை. வெளிநாட்டுப் பாட்டுகளை நகலெடுத்ததோடு நிற்காமல் சொந்தமாகவும் மெட்டமைத்தார்கள். 1970, 1971 போட்டிகளின் நினைவாக இரண்டு எல்.பி. இசைத்தட்டுகள் வந்தன.

இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். நல்ல கிட்டார் வேண்டுமென்றால் வெளிநாடு போய் வருபவர் தயவு வேண்டும். ஆம்ப்ளிஃபையரை உள்ளூர் ரேடியோ மெக்கானிக் செய்து கொடுப்பார். அதன் கரகரப்பே ஒரு தனி ஒலியாகிவிட்டது.

தம்புரா போன வழி

போதையின் மயக்கத்தை ஒலியில் காட்ட முயன்றது சைக்கெடலிக் ராக். ஒரே சுருதியை நிமிடக்கணக்கில் நீட்டி, அதன் மேல் இசையைக் கட்டுவது ட்ரோன் ராக். இரண்டையும் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கியவர்கள் நம்மில் ஏராளம். ஆனால் அந்த நீண்ட சுருதி எங்கிருந்து போனது?

பீட்டில்ஸ் குழு 1966-ல் வெளியிட்ட 'ரிவால்வர்' தட்டின் கடைசிப் பாட்டில் பின்னால் ஒலிப்பது தம்புரா. அக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1968 ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவுக்கே வந்து, இந்தியக் கலைஞர்களை வைத்து ஒலிப்பதிவு செய்தார். ட்ரோன் இசையின் முன்னோடியான அமெரிக்கர் லா மான்டி யங், 1970-ல் கிரானா கரானாவின் பண்டிட் பிராண் நாத்திடம் சீடராகச் சேர்ந்தார். மாட்டுங்கா மாமிகள் பாட்டு வகுப்பில் மீட்டிய அதே நாதம்தான் உலகைச் சுற்றி, மின்சாரம் ஏறி, ஷண்முகானந்தாவுக்கே திரும்பியது.

வந்த வேகத்தில் அலை ஓய்ந்தது. சில ஆண்டுகளில் போட்டி நின்றது. இளைஞர்களின் இசைக்கு இடம் கொடுத்த 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை 1977-ல் மூடப்பட்டது. பிறகு டிஸ்கோ வந்தது. சிலர் சினிமா ஸ்டூடியோக்களில் கிட்டார் வாசித்துப் பிழைத்தார்கள். பலர் வேலைக்குப் போனார்கள்.

திரும்பி வந்த தட்டு

மறுபடி தேடி வந்தவர்கள் வெளிநாட்டினர். சிம்லா பீட் தட்டுகளுக்கு ஐரோப்பாவில் மறுபதிப்பு வந்தது. கீத் கங்கா தொடங்கிய பம்பாய்க் குழு 'அடாமிக் ஃபாரஸ்ட்'. ஒரே ஒரு ஆல்பத்தோடு கலைந்துபோன அந்தக் குழுவின் பதிவுகளை 2011-ல் அமெரிக்காவின் 'நௌ-அகெய்ன்' நிறுவனம் வெளியிட்டது.

இவர்கள் எல்லோரையும்விட வினோதமானது சரண்ஜித் சிங்கின் கதை. இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த அவர், 1982-ல் ஜப்பானிய மின்னணுக் கருவிகளில் பத்து ராகங்களை வாசித்து டிஸ்கோ தாளம் சேர்த்தார். யாரும் சீந்தவில்லை. 2010-ல் ஒரு டச்சு நிறுவனம் மறுபதிப்பு செய்ததும், பின்னாளில் சிகாகோவில் பிறந்த 'ஆசிட் ஹவுஸ்' ஒலி இதில் முன்பே இருக்கிறதே என்று மேல்நாட்டு ரசிகர்கள் வாய் பிளந்தார்கள். எழுபது வயதைத் தாண்டி ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார் சிங். 2015-ல் மும்பையில் காலமானார்.

அவருக்காவது கைதட்டல் காதில் விழுந்தது. மற்றவர்களுக்கு? சிம்லா பீட் மேடை ஏறியவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அவர்கள் வாசித்த மூலத் தட்டுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் வாசித்தவருக்குச் சல்லிக்காசு கிடையாது. பழைய தட்டு கைமாறினால் விற்பவருக்கே லாபம். யார் எந்தப் பாட்டை எழுதினார், யார் வாசித்தார் என்ற விவரங்களைக் கேட்டுப் பதிவு செய்ய இன்னும் கொஞ்ச காலமே மிச்சம்.

ஷண்முகானந்தா 1990-ல் தீக்கிரையானது. 1998-ல் புதுப்பொலிவுடன் மறுபடி திறந்தது. அரங்கத்தை மீட்டெடுக்க முடிந்தது. அங்கே ஒலித்ததை மீட்கும் வேலையை மட்டும் ஏனோ வெளிநாட்டுக்காரர்களிடம் விட்டுவிட்டோம்.